சத்தம் போடாத லேப்டாப்

துரைப்பாக்கத்தில் வாடகைக்குப் பார்க்கப் போன அந்தப் புது வீட்டுப் படுக்கையறைக் கதவைத் திறந்து மூடி, மறுபடி திறந்து மூடி, "கதவுல ஏதாவது கோளாறாம்மா?" என்று வீட்டுக்காரரே கேட்கும்வரை நின்றிருந்தாளே ஹஃப்சா, போன வாரம் அங்கேதான் அவளை விட்டுவிட்டு வந்தோம். கதவில் ஒரு கோளாறும் இல்லை. சாத்தினால் சாத்திக்கொண்டது. அவளுக்கு அதுவே பெரிய அதிசயமாக இருந்தது.

தண்டையார்பேட்டையில் அவள் வாழ்க்கைப்பட்ட வீட்டில் வாசலுக்கும் குளியலறைக்கும் தவிர வேறு எதற்கும் கதவு கிடையாது. கூடத்தில் ஒரு பகுதியை பிளைவுட் பலகையால் தடுத்து, ஒரு துணியைத் தொங்கவிட்டால் அதுதான் ஹஃப்சாவும் அவள் கணவன் தவ்ஃபீக்கும் இருக்கும் அறை. பலகைக்கு இந்தப் பக்கம் ஹஃப்சாவின் லேப்டாப். அந்தப் பக்கம் மாமியார் ரஹீமுன்னிசாவின் தையல் மெஷின். இங்கே ஒருவர் பெருமூச்சு விட்டால் அங்கிருந்து "இன்னா ஆச்சு?" என்று கேள்வி வரும். அக்கறையில்தான் கேட்பார். சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

மாமியார் கொடுமைக்காரியாக இருந்திருந்தால் ஹஃப்சாவுக்கு வேலை சுலபம். ரஹீமுன்னிசா, மருமகள் வீடியோவில் பேசத் தொடங்கினால் யாரும் சொல்லாமலே மெஷினை நிறுத்திவிட்டு, முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர். அப்படிப்பட்டவரிடம் போய், எனக்கென்று சாத்திக்கொள்ள ஒரு கதவு வேண்டும், உங்களைவிட்டுப் போகிறேன் என்று எந்த வாயால் சொல்வது? அதனால் ஹஃப்சா பழியைத் தூக்கி லேப்டாப் மேல் போட்டாள்.

அதுவும் ஒன்றும் வாயில்லா ஜீவன் இல்லை. சில மாதங்களாக நன்றாகவே கத்திக்கொண்டிருந்தது. ஹஃப்சாவுக்கு, பள்ளிக்கூட பஸ் எங்கே வருகிறது என்று பெற்றோருக்குக் காட்டும் ஒரு செயலியை விற்கிற கம்பெனியில் வேலை. பள்ளிக்கூடத்துக்காரர்களோடு வீடியோவில் பேசி, அதை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லித் தருவாள். ஒருநாள் பேச்சு முடிந்ததும் மேனேஜர் ஷிபின், "உங்க வீட்டு மாடியில ஹெலிகாப்டர் இறங்குதா?" என்று கேட்டுச் சிரித்தார். அவ்வளவுதான் அவர் சொன்னது. தவ்ஃபீக்கின் காதுக்குப் போய்ச் சேரும்போது அது, "இந்தச் சத்தத்தோட வீட்ல இருந்து வேலை பார்க்க முடியாதாம், ஆபீஸுக்கே வந்துடணுமாம்" என்று வளர்ந்துவிட்டது. ரிப்பேருக்குக் கொடுக்கலாமே என்று அவன் கேட்டதற்கு, நாலு நாள் ஆகும், வேலை கெட்டுப்போகும் என்று ஒரு துணைப் பொய்யும் சேர்ந்துகொண்டது.

துரைப்பாக்கத்து வீட்டுக்காரருக்கு இன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். இந்த நிலைமையில்தான் இன்று காலை ஹஃப்சா லேப்டாப்பைத் திறந்தாள்.

சத்தம் வரவில்லை.

வழக்கமாக, பட்டனை அழுத்திவிட்டு அவள் டீ டம்ளரை எடுத்து ஒரு வாய் குடிப்பதற்குள் உள்ளேயிருக்கும் சின்ன விசிறி விழித்துக்கொண்டு கத்தத் தொடங்கிவிடும். நேற்றும் முந்தாநாளும் கொஞ்சம் சுருதி இறங்கி முனகியது. இன்று முனகலும் இல்லை. அவள் குனிந்து காதை வைத்துப் பார்த்தாள். துறைமுகத்துக்குப் போகக் காத்திருக்கும் டிரெய்லர்கள் ரோட்டில் உறுமுவது கேட்டது. சமையலறைக் குழாய் சொட்டுவது கேட்டது. லேப்டாப் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஹஃப்சாவால்தான் முடியவில்லை. சத்தம் இல்லையென்றால் துரைப்பாக்கம் எதற்கு என்று தவ்ஃபீக் கேட்பான். ஆனால் பயத்தைவிட இன்னொன்று அவளை அதிகமாகக் குடைந்தது. இது ஏன் நின்றது? எந்தக் கோளாறும் தானாகச் சரியாவதில்லை என்பது தினம் தினம் பள்ளிக்கூடங்களின் புகாரைக் கேட்டு அவள் கற்றுக்கொண்ட பாடம்.

கொஞ்ச நேரத்தில் விரல் சுட்டது. அடியில் கை வைத்துப் பார்த்தாள். அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய பாத்திரம் போல் இருந்தது. திரையில் அம்புக்குறி நகர மறுத்தது. தரையில் கிடந்த ஒரு தையல் நூலை எடுத்து, லேப்டாப்பின் பக்கவாட்டுத் துளைகளுக்கு எதிரே பிடித்தாள். முன்பெல்லாம் அந்தத் துளைகளிலிருந்து வெந்நீர் ஆவி மாதிரி காற்று வரும். இப்போது நூல் துளியும் அசையவில்லை. அப்படியானால் விசிறி ஒழுங்காகி அமைதியாகவில்லை, ஓடாமலே நின்றுவிட்டது. அவள் அந்த முடிவுக்கு வந்த நேரத்தில் திரை கறுத்து லேப்டாப் அணைந்தது.

பிற்பகலில் பல கிளைகள் உள்ள ஒரு பெரிய பள்ளிக்கூடத்துக்கு அவள் செயலியை விளக்க வேண்டும். அதை நினைத்துத் தலையில் கை வைத்தவள் மூக்கில் ஒரு வாசனை ஏறியது. துளைகளிலிருந்துதான் வந்தது. மெல்லிய, வழுவழுப்பான வாசனை. இந்த வீட்டில் எங்கேயோ முகர்ந்திருக்கிறாள். எங்கே?

வேறு யாராவது என்றால் கடைக்கு ஓடியிருப்பார்கள். ஹஃப்சா மூக்கை நீட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றினாள். சமையலறையில் அது இல்லை. தவ்ஃபீக் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். அவன் சட்டையில் கிரீஸ் வாடை உண்டு, ஆனால் அது கனத்த வாடை. கை கழுவக் குளியலறைக்குப் போனபோதுதான் கவனித்தாள். போன வாரம்வரை தெருவுக்கே கேட்கும்படி கிறீச்சிட்ட கதவு சத்தமில்லாமல் திறந்தது. கீலில் மூக்கை வைத்தாள். அதே வாசனை. கூடத்து டேபிள் ஃபேனை முகர்ந்தாள். அதுவும் அதே. யோசித்துப் பார்த்தால், கடகடவென்று ஆடிய அந்த ஃபேனும் சில நாட்களாக அடக்கமாகத்தான் சுற்றுகிறது. ஒரே வாரத்தில் இந்த வீட்டில் இத்தனை சத்தங்கள் அடங்கியிருக்கின்றன, அவள் கவனிக்கவே இல்லை.

மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்த ரஹீமுன்னிசா, மருமகள் வருவதைப் பார்த்ததும் தைத்துக்கொண்டிருந்த துணியைச் சுருட்டி அடியில் தள்ளினார். மெஷின் பலகையில், நீண்ட மூக்கு வைத்த எண்ணெய் டப்பா நின்றது. ஹஃப்சா டப்பாவைப் பார்த்தாள். ரஹீமுன்னிசாவும் டப்பாவைப் பார்த்தார்.

"நாஷ்டா துன்னியாமா?" என்று கேட்டார்.

"துன்னேன் மாமி," என்றாள் ஹஃப்சா.

தவ்ஃபீக்குக்கு இன்று வார விடுப்பு. பைக்கில் ஹஃப்சாவை ஏற்றிக்கொண்டு மார்க்கெட் தெருவுக்குப் போனான். அங்கே ஒரு மாடிப்படிக்கு அடியில் இஷ்ரத் செல்போன், லேப்டாப் ரிப்பேர் கடை வைத்திருக்கிறாள். ராயபுரத்தில் ஹஃப்சா படித்த பள்ளிக்கூடத்தில் சீனியர். அன்றைக்கே வாய் நீளம். லேப்டாப்பின் முதுகைத் திறந்தவள் மூக்கைச் சுளித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"இது லேப்டாப்பா, பஞ்சு மெத்தையா?" என்று கேட்டாள். "ஃபேனுக்கு எண்ணெய் ஊத்துன புண்ணியவான் யாரு?"

தவ்ஃபீக் அடக்க முடியாமல் சிரித்தான். அவனுக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. "எங்கம்மாவாத்தான் இருக்கும். எங்க வூட்ல எது சத்தம் போட்டாலும் மெஷின் எண்ணெய்தான். சின்ன வயசுல நான் அழுவுறப்ப என் வாயில ஊத்தாம உட்டாங்களே, அதச் சொல்லு."

இஷ்ரத் விளக்கினாள். தையல் மெஷினிலிருந்து பறக்கும் நூல் தூசியைப் பலகைக்கு அடியில் இருக்கும் சந்து வழியாக லேப்டாப் இத்தனை நாளும் உறிஞ்சி வந்திருக்கிறது. வழி அடைத்தால் காற்று போகாது. காற்று போகவில்லையென்றால் சூட்டைத் தள்ள விசிறி இன்னும் வேகமாகச் சுற்றும். அந்தக் கத்தல் அதனால்தான். எண்ணெய் விழுந்ததும் தூசியெல்லாம் குழைந்து விசிறியையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. சத்தம் நின்றது, சூடு மட்டும் உள்ளேயே தங்கிவிட்டது.

"ஒரு மணி நேரம் குடு, கிளீன் பண்ணிட்றேன்," என்றாள்.

"ஒரு மணி நேரந்தானா? நாலு நாள் ஆவும்னு சொன்னியே," என்றான் தவ்ஃபீக், ஹஃப்சாவிடம். ஹஃப்சா தெருவில் போகிற மீன் வண்டியை மிகவும் கவனமாகப் பார்த்தாள்.

இஷ்ரத் சாமணத்தால் அந்தத் தூசியைப் பெயர்த்துக் காகிதத்தில் வைத்தாள். கம்பளித் துண்டு மாதிரி பாளமாக வந்தது. ஹஃப்சா குனிந்து பார்த்தாள். பார்க்கப் பார்க்க ஆச்சரியமாக இருந்தது. அடியில் மெரூன். வண்ணாரப்பேட்டைக் கடைக்கு பக்ரீதுக்கு முன்னால் போன நைட்டிகள் அவை. அதற்கு மேலே வெள்ளை. மழைக்காலத்தில் தைத்த உள்பாவாடைகள். பிறகு ஊதா, ரோஜா நிறம். பலகைக்கு அந்தப் பக்கம் மாமியார் உழைத்ததெல்லாம் இந்தப் பக்கம் வந்து வரிசையாகப் படிந்திருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, எண்ணெயில் புதிதாக ஒட்டியபடி, கரும்பச்சை நூல்.

பச்சையில் எந்த நைட்டியும் தைத்ததாக அவளுக்கு ஞாபகம் இல்லை. நைட்டித் துணியின் நூல் இவ்வளவு தடிமனாக இருப்பதும் இல்லை. தவ்ஃபீக்கைக் கேட்டாள். அவன் அதைக் கவனிக்கவில்லை. அவன் சிரிப்பு எப்போதோ நின்றிருந்தது.

"சத்தத்தாலதான் நாம போறோம்னு சொன்னோம் இல்ல," என்றான் மெல்ல. "சத்தம் நின்னுட்டா போவ மாட்டோம்னு அம்மா ஊத்தியிருக்குது."

ஹஃப்சா நிமிராமல் அந்தப் பாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தான் விட்ட கதைக்கு ஒரு மனுஷி மருந்து தேடியிருக்கிறாள். அவமானமாக இருந்தது. அழுதால் இஷ்ரத் காரணம் கேட்பாள் என்று அழாமல் இருந்தாள்.

பிற்பகல் பேச்சு வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது. லேப்டாப் சத்தம் போடவில்லை. இந்த முறை நிஜமாகவே விசிறி சுற்றிக்கொண்டு சத்தம் போடவில்லை. துளைக்கு எதிரே நூலைப் பிடித்துப் பார்த்தாள். ஆடியது. பலகைக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின், வழக்கம்போல், அவளுக்காக வாயை மூடிக்கொண்டிருந்தது.

பள்ளிக்கூடத்துக்காரர்கள் போன பிறகு ஷிபின் மட்டும் இணைப்பில் இருந்தார். காது வலிக்கிறதென்று ஹஃப்சா ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். அவள் செய்த பிழை அதுதான்.

"இன்னைக்கு ஹெலிகாப்டர் வரலையே ஹஃப்சா," என்று ஷிபினின் குரல் வீடு முழுக்கக் கேட்டது. "ரிப்பேர் பண்ணிட்டீங்களா? ஐயோ, நான் சும்மா கிண்டலுக்குத்தானே சொன்னேன். அந்தச் சத்தத்தால யாருக்கும் ஒரு தொந்தரவும் இருந்ததில்லையே."

ஹஃப்சா என்னவோ சொல்லி இணைப்பைத் துண்டித்தாள். பேச்சு முடிந்ததும் மறுநொடியே ஓடத் தொடங்கும் தையல் மெஷின் இன்னும் ஓடவில்லை.

அவள் துணியை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். தவ்ஃபீக் அவளை ஒரு பார்வை பார்த்தான். பிறகு, டீ வாங்கி வருவதாகச் சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனான். அடுப்பில் டீ கொதித்துக்கொண்டிருந்தது.

ரஹீமுன்னிசா மெஷின் முன்னால் கையைக் கட்டியபடி உட்கார்ந்திருந்தார். முதலில் அவர்தான் பேசினார்.

"நான்தான் ஊத்துனேன். பிஸ்மி சொல்லிட்டுதான் ஊத்துனேன். மிஷினு கெட்டுப்பூடும்னு தெரியாதுமா."

"மாமி, அது பரவால்ல..."

"இரு, நான் சொல்லிட்றேன். லேப்டாப்பு சத்தம்னு நீ சொன்னப்ப, என் தையல் மிஷினைத்தான் மரியாதைக்கு மாத்திச் சொல்றியோன்னு நெனைச்சேன். அதான் வூட்ல எது எது சத்தம் போடுதோ அல்லாத்துக்கும் ஊத்துனேன். இப்ப அந்தத் தம்பி சொல்றதப் பாத்தா சத்தமே ஒரு பிரச்சின இல்லியாமே?"

ஹஃப்சா தரையில் உட்கார்ந்தாள். துண்டுத் துணிகளுக்கு நடுவே, மாமியாரின் காலடியில். இனிமேல் சுற்றி வளைக்க வழியும் இல்லை, மனசும் இல்லை.

"இல்ல மாமி. நான் பொய் சொன்னேன். உங்க மேல எனக்கு ஒரு குறையும் இல்ல. அத்தா அம்மாகூட எங்க வீட்ல இருந்தப்பவும் நாங்க அஞ்சு பேர் ஒரே ரூம்லதான் இருந்தோம். பொறந்ததுலருந்து நான் ஒரு கதவைச் சாத்திக்கினு தனியா உக்காந்ததே இல்ல. அப்படி ஒரு நாள் உக்காந்து பார்க்கணும்னு இருக்கு. அழுவணும்னா அழுவணும், சும்மா இருக்கணும்னா சும்மா இருக்கணும். யாரும் இன்னா ஆச்சுன்னு கேக்காம. இதை எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

ரஹீமுன்னிசாவின் முகத்தில் கோபம் வரும் என்று அவள் எதிர்பார்த்தாள். வரவில்லை. அவர் எண்ணெய் டப்பாவை எடுத்து, அதன் மூக்கைத் துணியால் துடைத்து, இழுப்பறையில் வைத்து மூடினார். கண் கலங்கியிருந்தது. குரல் மட்டும் எப்போதும்போல் இருந்தது.

"சத்தம்னா எண்ணெய் ஊத்தலாம். கிழிசல்னா தச்சுக் குடுக்கலாம். கதவு வோணும்னா நான் இன்னா பண்ணுவேன் ஹஃப்சா? கதவை என்னால தைக்க முடியாதே."

ஹஃப்சா அவர் முழங்காலில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் அப்படிச் செய்ததில்லை. ரஹீமுன்னிசாவின் கை அவள் தலைமேல் வந்து, நூல் ஒன்றைப் பொறுக்கி எடுத்தது. கரும்பச்சை நூல்.

காலையிலிருந்து குடைந்த கேள்வி அப்போது நினைவுக்கு வந்தது. ஹஃப்சா கையை நீட்டி, மெஷினுக்கு அடியில் சுருட்டித் தள்ளியிருந்த துணியை இழுத்தாள். நீளமாக வந்தது. இன்னும் வந்தது. கனத்த கரும்பச்சைத் துணி. மேலே வளையம் கோக்க மடிப்பு, கீழே அழகாக மடித்து அடித்த ஓரம். ஜன்னல் திரை. இந்த வீட்டில் இருப்பது ஒரே ஜன்னல்; அதில் பாதியைத் தண்ணீர்க் குழாய் மறைத்திருக்கிறது. இங்கே ஒன்று இல்லை, நாலு இருந்தன.

"தவ்ஃபீக் போன்ல அந்த வூட்டு போட்டோ கீதே," என்றார் ரஹீமுன்னிசா, திருடிப் பிடிபட்டவர் மாதிரி. "வெயிலு அல்லாம் நேரா உள்ள வுழுது. நீ திரை இல்லாம எப்படி உக்காந்து வேலை செய்வே?"

"போவக் கூடாதுன்னு எண்ணெய் ஊத்திட்டு, போறதுக்குத் திரையும் தச்சீங்களா?"

"பின்ன? நீங்க நின்னா நிக்கட்டும்னு ஊத்துனேன். நிக்கலன்னா வெறும் ஜன்னலோடவா உங்கள அனுப்புவேன்?"

ஹஃப்சாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. எதை முதலில் செய்வது என்று முடிவு செய்வதற்குள் பலகைக்கு அந்தப் பக்கம் அவள் போன் அடித்தது. எழுந்து போய் எடுத்துக்கொண்டு வந்தாள். துரைப்பாக்கத்து வீட்டுக்காரர்.

அடிக்கட்டும் என்று கையிலேயே வைத்திருந்தாள். காலையில் இந்தப் போனுக்குத்தான் காத்திருந்தாள். இப்போது அதன் பச்சைப் பொத்தானைத் தொட விரல் வரவில்லை. வாசலில் தவ்ஃபீக்கின் செருப்புச் சத்தம் கேட்டது. அவனும் உள்ளே வராமல் படியிலேயே நின்றான்.

ரஹீமுன்னிசா கழுத்தில் தொங்கிய அளவு டேப்பை உருவினார். திரையின் ஒரு முனையைத் தன் மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"எடுத்துப் பேசுமா," என்றார். "ஜன்னல் ஒசரம் எத்தினின்னு மறக்காம கேளு. நான் போட்டோவப் பாத்து உத்தேசமாத்தான் வெட்டி வெச்சிக்கீறேன்."

ஹஃப்சா போனைக் காதில் வைத்தாள்.

"என்னம்மா, முடிவு பண்ணிட்டீங்களா?" என்று கேட்டார் வீட்டுக்காரர். மாமியார் டேப்பை விரித்துப் பிடித்தபடி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.